தகரமும் புங்க மரமும்

ஏப்ரல் 27, ஞாயிறு
காலை ஆறரைக்கே வெயில். தெரு நீளத்துக்கு என் தறிக்கான பட்டுப் பாவு இழைகளை நீட்டியிருந்தோம். அக்கம்பக்கத்தார் பத்துப் பேர் பிடித்தும், கஞ்சி தடவத் தடவக் காய்ந்து இழை அறுந்தது. போன சித்திரையில் இப்படி இல்லை. அப்போது தெருவில் நிழலுக்கு ஐந்து புங்க மரம். மூன்றை வெட்டியவன் பங்காளி ஏகாம்பரம், அவன் பவர்லூம் ஷெட்டுக்கு லாரி வர. (இனி ஏ. போதும். முழுப்பேருக்கு மசி வீண்.) மிச்சம் இரண்டையும் வெள்ளிக்கிழமை வெட்டுகிறானாம்.

பூமியே சூடாகும்போது மரத்தை வெட்டலாமா என்று ஏ.வைக் கேட்டேன்.

"பூமி சூடாவுதுன்னு எம்.எஸ்ஸி. சொல்லுது, கேட்டுக்குங்கப்பா! சித்திரையில வெயிலு அடிக்காம பனியா பெய்யும்?"

நான் படித்த எம்.எஸ்ஸி.க்குத் தெருவே சிரித்தது. யார் யார் என்று நினைவிருக்கிறது.

வாங்க: பல்பு, பி.பி. மாத்திரை.

ஏப்ரல் 29, செவ்வாய்
அனல். கரண்ட் இல்லை. கொரோனா ஞாபகம். எனக்குக் காய்ச்சல் என்றதும் போன் போட்டு ஆள் வரவழைத்து, என் வாசலில் தகரம் அடிக்க வைத்தவன் ஏ. ஆணி எடுத்துக் கொடுத்தவனும் அவனே. "தெரு நல்லா இருக்கணும் இல்ல, கோவிச்சுக்காதடா."

அன்று ஊரடங்கு என்றதும் ஊர் முழுக்கத் தறி நின்றது, கல்யாணம் தள்ளிப்போனது. முடியாது என்று ஒருத்தரும் சொல்லவில்லை. கிருமிக்கா பயந்தார்கள்? பக்கத்து வீட்டுக்குத்தான். என் இருமல் ஊர் விஷயம். அவன் வெட்டும் மரம் மட்டும் அவன் சொந்த விஷயம்! வெயிலுக்குத் தகரம் அடிக்க யாரும் வரமாட்டார்கள். நான் அடிக்கிறேன்.

மாலை வீடு வீடாகப் போனேன். வியாழன் ஏ. வீட்டுத் தறிக்குப் பாவு. யாரும் கை கொடுக்க வேண்டாம், மரம் போனால் அடுத்து அறுவது உங்கள் பாவு என்றேன்.

கோடி வீட்டு மல்லிகா: "ஒண்டியா எப்படிண்ணா நீட்டுவாரு?"

"அதுக்குத்தான்."

மே 1, வியாழன்
மேகம் இல்லை. நல்லது. தெருவில் ஏ.வும் பெண்டாட்டியும் மட்டும். மற்றவர்கள் வாசலோடு சரி.

"இன்னாடா வேடிக்க பாத்துகினு நிக்கிறீங்க! பாவு காயுது, ஜல்தி வாங்கடா!"

"தெரு நல்லா இருக்கணும் இல்லண்ணே," என்றேன், புங்க மரத்தைக் காட்டி. "கோவிச்சுக்காதீங்க."

புரிந்தது அவனுக்கு. கண்ணெதிரே பாவு இழை இழையாக அறுந்துபோனது. கடைசியில் எல்லார் எதிரிலும் மரம் வெட்டுகிறவனுக்குப் போன்: "வேணாம்பா. நாளைக்கு இல்ல, எப்பவும் வேணாம்."

அப்புறம்தான் இறங்கினோம். நானும் ஒரு முனை பிடித்தேன், புங்க நிழலில்.

அறுந்ததை முடிச்சுப் போட ஒரு வாரம் ஆகுமாம். என் வாசலில் தகரம் அதைவிட அதிக நாள் இருந்தது.