எலும்புக்கொத்து அரக்கன்

பிரவீணா அம்மாவுக்கு,

உன் கைக்கட்டைப் பிரித்துவிட்டதாகப் பிள்ளை சொன்னாள். திருச்சுழிக்கு உன் அம்மா வீட்டுக்குப் போனதும் செல்போனில் மறுபடி வாராவாரம் தொடர்கதை எழுதிப் போடத் தொடங்கிவிட்டாய்.

மழையே பெய்யாத ஒரு நாடு, அதை ஆளும் ஓர் அரக்கன். அவன் இடுப்பில் எலும்புக்கொத்து குலுங்கினால் கோட்டைக்குள் பேச்சு நின்றுவிடுமாம். நம் கடைக்கு வந்த மாரிக்கனி என் இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்தையே பார்த்தாள்.

"அண்ணாச்சி, மதினி எழுதுற கதைய எங்க வீட்ல எல்லாரும் படிக்கிறோம்" என்றாள். சிரித்துவைத்தேன். எனக்குக் கோபமில்லை. நிறுத்து என்று சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நேற்று கடையடைத்து வந்ததும் சாவிக்கொத்தைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு வாசலிலேயே நின்றேன். பிரவீணா உன்னோடு போனில் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்படிச் சிரிக்கத் தெரியும் என்றே எனக்குத் தெரியாது. பிடி நழுவி ஒரு சாவி குலுங்கியது.

"அப்பா வந்துட்டாக. வச்சிர்றேம்மா."

போன வாரக் கதையில் ராணி தப்பி ஓடிவிட்டாள். மகள் இன்னும் கோட்டைக்குள்தான் இருக்கிறாள். ராணி திரும்பி வந்தால், அது அங்கேயே இருக்கவா, மகளைக் கூட்டிப்போகவா? அதை மட்டும் எனக்கு முன்கூட்டியே சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்