நான் தட்டினால் மட்டும் ஓடிய பேக்கப்

நண்பா,

இன்று காலை அலுவலகத்தில் ஒரு புது சர்வர். பேக்கப் எடுக்கும் கட்டளை ஓடவில்லை என்று கூட வேலை செய்யும் அக்கா கூப்பிட்டார். கருப்புத் திரையில், 'புரோகிராம்' என்று ஒரு கட்டளையே கிடையாது என்று எழுதியிருந்தது. பேக்கப் கருவி இருந்த ஃபோல்டரின் பெயர் 'புரோகிராம் ஃபைல்ஸ்'. நடுவில் இருந்த இடைவெளியோடு கம்ப்யூட்டர் படிப்பதை நிறுத்திக்கொண்டது. முழுப் பாதைக்கும் மேற்கோள் குறி போடச் சொன்னேன், ஓடியது. உன் ஞாபகம் வந்துவிட்டது.

பட்டர்வொர்த் கண்டெய்னர் யார்டில் நீயும் நானும்தான் டேட்டாபேஸ் பார்த்துக்கொண்டோம். வேலைக்குப் போக ஃபெரி ஏறும்போதே, "பேக்கப்ப திறந்து பாத்தியாடா?" என்று தொடங்கிவிடுவாய். உன்னை மாமியார் என்று கிண்டல் செய்வேன்.

நீ ஆபரேஷனுக்காக இரண்டு வாரம் லீவில் இருந்தபோது, பேக்கப்புக்குப் புது ஸ்கிரிப்ட் எழுதினேன். நான் தட்டினால் நன்றாக ஓடியது. கருவி இருக்கும் இடத்தை என் யூசர் கணக்கில், கருவிகளைத் தேடும் 'பாத்' பட்டியலில் மட்டும் சேர்த்திருந்தேன். தினமும் மதியம் தானாக ஓடியதோ வேறு யூசரில். அதற்குக் கருவி எங்கே இருக்கிறது என்றே தெரியாது. கடைசியில் 'முடிந்தது' என்று எழுத ஒரு வரி வைத்திருந்தேன், அது மட்டும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து கேட்டாய். "எல்லாம் ஓடுதுலா, சும்மா நச்சரிக்காதே" என்றேன்.

பிறகு டிஸ்க் போனது. மூன்று வாரப் பதிவுகள் எந்த பேக்கப்பிலும் இல்லை.

மேலாளர் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டு, "யாரு எழுதினது?" என்று கேட்டார். நான் அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "ரெண்டு பேரும் சேர்ந்துதான், பாஸ்" என்றாய். அது எழுதப்பட்ட போது நீ ஆஸ்பத்திரியில் இருந்தாய். என் வேலை நிரந்தரம், உன்னுடையது ஒப்பந்தம். அடுத்த மாதம் அதைப் புதுப்பிக்கவில்லை. நீ ஜுருவில் கார் உதிரிபாகக் கடைக்குப் போனாய்.

அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் டத்தோ கிராமாட் கடையில் ஆற்றி நுரைத்த தேத்தாரே டீ குடித்தோம். ஒரு நாளும் நீ அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மறந்துவிட்டாய் என்று நினைத்துக்கொண்டேன், அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது. இப்போது வெட்கமாக இருக்கிறது.

நீ கண்ணை மூடி இரண்டு வருடம் ஆகிறது. இன்று மதியம் உன் மனைவிக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"தெரியும்ணே. அன்னைக்கே சொன்னாரு. நீங்க உண்மைய சொல்லிடுவீங்கன்னு எதிர்பார்த்து, ரூம விட்டு மெதுவாத்தான் நடந்து வந்தாராம்."

மேற்கோள் குறி போடுவதும் பாதையைச் சரிபார்ப்பதும் எனக்குக் கைப்பழக்கமாகிவிட்டது. மனதில் கிடப்பது வேறு. அந்த மேசைக்கும் கதவுக்கும் பத்தடிதான் இருக்கும். அவ்வளவு தூரமும் நான் உன் பின்னால் வாயைத் திறக்காமல் நடந்து வந்தேன்.