முகமூடிக்குள் கால் மணி நேரம்

அன்புள்ள கண்ணுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும், உள்ளே இருந்துகொண்டு உன்னைத் தூங்கவிடாமல் உதைக்கிற ஆளும் நலமாக இருக்க வேண்டும், அதைத் தவிர எனக்கு வேறு நினைப்பில்லை. போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் பொய் சொல்கிறேன், அதனால்தான். "பாக்கலாம்டா, எப்படியும் வந்துடுவேன்" என்று வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. போன தடவையும் அப்படித்தான் சொன்னேன். நீ தனியாக ஆஸ்பத்திரிக்குப் போய், குழந்தை தங்கவில்லை என்று தெரிந்து, தனியாகவே வீட்டுக்குத் திரும்பினாய். அன்றைக்கு நான் யாரோ ஒருவரின் நுரையீரல் படத்தில், கதிர் பாய வேண்டிய கட்டியைச் சுற்றிக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். நீ அதைச் சொல்லிக் காட்டியதே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அப்பா பெட்டியை எடுத்துத் துடைத்து வெயிலில் வைத்துவிட்டார். ஏழு வாரத்துக்கு முன்னாடியே பெட்டி எதற்கு என்று கேட்டால், உன் அம்மாவை நம்பி எதையும் கடைசி நிமிஷத்துக்கு விட முடியாது என்று என்னிடமே சொல்கிறார். ஒரு தலையணைக்கு உன் பழைய சட்டையை மாட்டிக் குழந்தையைத் தூக்கிப் பழகுகிறார். நேற்று அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றார். நீ எதற்கும் பார்த்துக் கொடு. ரத்தம் சோதித்துப் பார்த்தாயா, இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே, காபி குடித்தவுடன் அதைப் போடாதே. எல்லாம் தெரியும் என்பாய், தெரிந்தாலும் சொல்வேன்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சு சிகிச்சைக்கு நான் ஒருத்திதான் டாக்டர் என்பது உனக்குத் தெரியும். புதிதாகச் சேர்ந்த பையன் மூன்று மாதத்தில் ஓடிவிட்டான். ஒவ்வொரு தடவை லீவு கேட்கும்போதும் நிர்வாகி சிரித்த முகத்தோடு, "தாராளமா போங்க டாக்டர், கைவசம் இருக்கறவங்கள மட்டும் முடிச்சுக் கொடுத்துட்டுப் போங்க" என்பார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் ஒருவருக்கு ஆரம்பித்தால் வாரம் ஐந்து நாள், ஆறு வாரம். நடுவில் விட்டால் செய்ததெல்லாம் வீண். ஒவ்வொரு திங்களும் புதிதாக ஒருவருக்கு ஆரம்பிக்கிறேன். அப்புறம் கைவசம் இருப்பவர்கள் என்றைக்கு முடிவார்கள்? இருபத்தாறு வருஷமாக முடியவில்லை. இந்தக் கணக்கு எனக்குப் புரியாமல் இல்லை, கண்ணு. புரிந்துகொண்டேதான் உள்ளே உட்கார்ந்திருந்தேன்.

பத்து நாளைக்கு முன் ஒரு தையல்கார அம்மா வந்தார். மூளையில் கட்டி, ஆபரேஷனில் முழுசாக எடுக்க முடியவில்லை, மிச்சத்துக்குத்தான் கதிர். இதற்கு ஒரு முகமூடி செய்வோம், சின்ன வயதில் நீ பார்த்துப் பயந்திருக்கிறாய். வலை மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் தகட்டை வெந்நீரில் போட்டால் இளகிவிடும், முகத்தின் மேல் அழுத்தி இறுகவிட்டு, இரண்டு பக்கமும் கட்டிலோடு கிளிப் போட்டுவிடுவோம், தலை ஒரு இம்மி அசையக் கூடாது. அந்த அம்மா, "ஊருக்கெல்லாம் நான் அளவெடுக்கறேன், என் தலைக்கே அளவெடுக்கறீங்களா" என்று சிரித்துக்கொண்டே வந்தவர், கிளிப்பைப் பார்த்ததும் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார். எவ்வளவு சொல்லியும் மசியவில்லை. சரி, நானே படுத்துக் காட்டுகிறேன் என்றேன்.

டெக்னீஷியனை ரேடியோ என்றுதான் கூப்பிடுவோம், வாயை மூட மாட்டான். அவன் என் முகத்துக்கு ஒன்று செய்து கிளிப் போட்டான். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து அறையில் சிகிச்சை நடுவில் மெஷின் நின்று அலாரம் அடித்தது. ஓடிவிட்டான், ஓட வேண்டியதுதான். நான் மாட்டிக்கொண்டேன். தாடையை அசைக்க முடியாது, கத்தினால் ம்ம் என்றுதான் வருகிறது. மேலே கூரையில் ஒரு சின்ன ஈரக் கறை, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். "கொஞ்ச நேரந்தான், வலிக்காது, அசையாம இருங்க" என்று எத்தனை ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பேன். வலிக்கவில்லை, உண்மைதான். ஆனால் எனக்குப் பயமாக இருந்தது. கண்ணீர் காதுக்குள் வழிந்தது, துடைக்க வழியில்லை என்று நினைத்தேன். தையல்கார அம்மா பக்கத்து ஸ்டூலில் சும்மா உட்கார்ந்திருந்தார், இதுவும் செய்து காட்டுவதில் ஒரு பகுதி என்று நினைத்தாராம்.

கால் மணி நேரம் கழித்து ரேடியோ ஐயோ ஐயோ என்று வந்து கழற்றிவிட்டான். நான் எழுந்து முகத்தைத் துடைத்தேன், கன்னமெல்லாம் வலை பதிந்திருந்தது. அந்த அம்மா நிதானமாக என்னைப் பார்த்து, "கை ரெண்டும் சும்மாதானே இருந்துச்சு டாக்டரம்மா, நீங்களே கழட்டியிருக்கலாமே?" என்று கேட்டார்.

நிஜம். கையைக் கட்டவே இல்லை. கிளிப் காதுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அசையக் கூடாது என்று அடுத்தவருக்குச் சொல்லிச் சொல்லி, எனக்குத் தோன்றவே இல்லை. ரேடியோ விழுந்து விழுந்து சிரித்தான், அந்த அம்மாவும் சிரித்தார், சிரித்த கையோடு முகமூடிக்குப் போய்ப் படுத்துவிட்டார். என்னால்தான் சிரிக்க முடியவில்லை.

அவருக்கு நாளைக்கு ஆரம்பம். முப்பதாவது, கடைசி சிகிச்சை ஆறாவது வாரத்து வெள்ளிக்கிழமை. மறுநாள் சனிக்கிழமைக்கு அப்பா இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டார். உன் தேதி அதற்கடுத்த புதன். இனிமேல் புதிதாக ஒருவரையும் எடுக்காமல் இருந்தால் வந்துவிடுவேன்.

முந்தாநாள் வெள்ளிக்கிழமை ஒரு ஃபைல் வந்தது. வேன் டிரைவர், நுரையீரலில் கட்டி, குணமாக்கிவிடக்கூடிய நிலைதான், இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள். நான் கையெழுத்துப் போட்டால், படமெடுத்து ஆரம்பிக்கவே இரண்டு வாரம் ஆகும், உன் தேதி தாண்டி ஒன்றரை வாரத்தில்தான் முடியும். இன்னொரு ஆஸ்பத்திரி பஸ்ஸில் நாலு மணி நேரம். அங்குள்ள டாக்டர் எடுத்துக்கொள்கிறேன் என்றுவிட்டார். ஆனால் அவ்வளவு தூரம் அனுப்பினால் பாதிப் பேர் பாதியில் நின்றுவிடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். அவர் என் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் கையெழுத்துப் போட்டுவிடுவேன். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாகப் பின்வாசல் வழியாக வீட்டுக்கு வந்தேன்.

அவரை அங்கே அனுப்பும் கடிதத்தை எழுதிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். இரண்டு உறையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. அப்பா இரண்டையும் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வருகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறார். என்னிடம் விட்டுவைக்க அவருக்குப் பயம், எனக்கும்தான்.

நீ நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து, நிறைந்த மனசோடு இருக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். அந்தச் சனிக்கிழமை நான் வந்து இறங்குவேன், இது போனில் சொன்னது இல்லை, எழுதிக் கொடுத்தது. ஒரே ஒரு விஷயம், மறந்துவிடாதே. நான் குழந்தையை மடியில் வைத்திருக்கும்போது, அந்த வேன் டிரைவர் என்ன ஆனார் என்று மட்டும் என்னிடம் கேட்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா