பேரம் பேசாத மச்சாளுக்கு

மச்சாள்,

இன்றைக்குக் கராஜை ஒதுக்கும்போது மூலையில் ஓர் அட்டைப்பெட்டி அகப்பட்டது. திறந்ததும் சலவைச் சவர்க்கார வாசம் மூக்கில் ஏறியது. எழுபதுகளின் நடுவில் நீங்கள் வாங்கி அடுக்கியது. கட்டிகள் கல்லாகிவிட்டன, வாசம் மட்டும் போகவில்லை. மகள் எட்டிப் பார்த்து, "வொய், அம்மா? வொய் சோ மெனி?" என்று இங்கிலீசில் கேட்டாள். மாமியின் பயம் இது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "அப்ப மலிவாய்க் கிடைச்சது" என்று பொய் சொன்னேன்.

அப்போது மெல்பேர்னில், கிளேட்டனில் ஒரு வாடகை வீட்டில் மூன்று பேராக இருந்தோம். நான், என் புருஷனான உங்கள் தம்பி, எங்களோடு நீங்கள். உங்களுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. எல்லாவற்றுக்கும் விலை ஏறிக்கொண்டிருந்த காலம். கடையில் பழைய விலைச்சீட்டின்மேல் புதிய சீட்டை ஒட்டி வைத்திருப்பார்கள். மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டு வாங்கிப் போனார்கள். நீங்கள் டின்னைக் கையில் எடுத்து நகத்தால் சீட்டை உரிப்பீர்கள். அடியில் ஒன்று, அதற்கும் அடியில் இன்னொன்று. உங்கள் முகத்தில் இரத்தமே இருக்காது. "துவங்கிட்டுது" என்பீர்கள், எனக்கு மட்டும் கேட்கும்படி.

சம்பளம் வந்த அன்றே அதைச் சாமானாக மாற்றிவிட வேண்டும் உங்களுக்கு. சீனி, சவர்க்காரம், தீப்பெட்டி, தையல் ஊசி, துணி. குசினி நிறைந்து, கட்டிலுக்கு அடியிலும் போனது. இருபது வயதுக் கொழுப்பு எனக்கு. "என்ன மச்சாள், கடை போடப்போறமோ?" என்று கேட்டேன்.

"சிரியும், சிரியும். காசுத்தாள் சாகேக்க ஆருக்கும் சொல்லிப்போட்டுச் சாகாது" என்றீர்கள்.

நீங்கள் ஈப்போவில் பிறந்தவர் என்பதும், ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்தபோது சின்னப் பெட்டை என்பதும் எனக்குத் தெரியும். வாழைமரம் அச்சடித்த ஜப்பான் தாளைப் பற்றியும் துண்டு துண்டாகச் சொல்லியிருக்கிறீர்கள். தொடர் இலக்கம்கூடப் போடாமல் அடித்துத் தள்ளினார்களாம். ரயில்வேயில் கிளாக்கராயிருந்த உங்கள் ஐயாவின் சம்பளத்தைத் தலையணை உறையில் போட்டுக்கொண்டு அம்மா கந்தோர் வாசலிலிருந்தே சந்தைக்கு ஓடுவாவாம். போய்ச் சேருவதற்குள் அரிசி விலை மாறியிருக்குமாம். பிறகு முடிவெட்டுகிறவன் தாளே வேண்டாம், முட்டை தா என்றானாம். இதையெல்லாம் கதை போலக் கேட்டேனே தவிர, நீங்கள் ஏன் ஒரு சந்தையிலும் பேரம் பேசுவதில்லை என்று எனக்கு விளங்கவில்லை. நான் தக்காளிக்கு விலை குறைத்துக் கேட்டாலே என் கையைப் பிடித்து நசிப்பீர்களே.

அந்த வருடம்தான் வீட்டுக்காரர் வீட்டை விற்கப்போவதாகச் சொல்லி எங்களை வெளிக்கிடச் சொன்னார். என் வயிற்றில் பிள்ளை. ஸ்பிரிங்வேலில் ஒரு சின்ன வீடு எங்கள் கைக்கு எட்டும் விலையில் இருந்தது. அதைவிட்டால் வேறில்லை, மற்றதெல்லாம் கிழமைக்குக் கிழமை எட்டாத தூரம் போய்க்கொண்டிருந்தது. கையொப்பம் வைக்க ஒரு சனிக்கிழமை காலை மூவரும் ஏஜன்டின் கந்தோருக்குப் போனோம். அவர் விலையைக் கொஞ்சம் கூட்டிச் சொன்னார்.

உங்கள் தம்பி எங்கள் ஊர்க்காரர் எல்லோரும் செய்வதைச் செய்தார். "அப்ப எங்களுக்கு வேண்டாம்" என்று எழும்பினார். என் முழங்கையைத் தட்டினார். வெளியே வந்ததும், "பேசாமல் நடவுங்கோ. ஒருத்தரும் திரும்பிப் பாக்கக்கூடாது. இப்ப கூப்பிடுவான் பாருங்கோ" என்றார்.

றோட்டைக் கடந்து எதிர்ப்பக்க நடைபாதைக்கு வந்ததும் நீங்கள் நின்றுவிட்டீர்கள்.

"அம்மாவும் உப்பிடித்தான் சொன்னவ" என்றீர்கள்.

"என்ன அக்கா?"

"திரும்பிப் பாக்காத எண்டு."

அடுத்த கணம் றோட்டுக்குக் குறுக்கே கந்தோருக்குத் திரும்பி ஓடினீர்கள். ஒரு கார் கிரீச்சென்று நின்றது, சாரதி கத்தினான். நீங்கள் எதையும் கேட்கவில்லை. நாங்கள் உள்ளே வந்தபோது மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "வீ டேக். டுடே. வீ டேக்" என்று சொல்லிக்கொண்டே நின்றீர்கள். ஏஜன்ட் பயந்துபோய்த் தண்ணீர் எடுக்க ஓடினார். எனக்கும் பயம்தான். ஓர் ஆளுக்குள் இவ்வளவு பெரிய பயம் இருந்ததை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. உங்கள் தம்பி அந்த விலைக்கே கையொப்பம் வைத்தார்.

பின்னேரம் நான் தேத்தண்ணி கொண்டுவந்தபோதுதான் சொன்னீர்கள், எனக்கு மட்டும்.

"எனக்கு நேர இளையவன், இவனுக்கு மூத்தவன், ஒருத்தன் இருந்தவன், தெரியுமோ? மலேரியாக் காய்ச்சல். சீனன்ர கடையில குயினைன் குளிசை ஒரு சின்னப் போத்தல் இருந்தது. அம்மாவிட்ட இருந்த தாள் அதுக்குப் போதும். ஆனா அவவுக்குப் பேரம் பேசாமல் ஒண்டும் வாங்கத் தெரியாது. வேண்டாம் எண்டு என்னையும் இழுத்துக்கொண்டு வெளிக்கிட்டா. திரும்பிப் பாக்காத, கூப்பிடுவான் எண்டா."

"கூப்பிடேல்லையோ?"

"நான் திரும்பிப் பாத்தனான் பிள்ளை. அவன் போத்தலை எடுத்து உள்ளுக்கு வைச்சுப் பூட்டினவன். அந்தச் செல்லாத் தாளை வாங்காமல் தப்பினது அவனுக்கு நிம்மதி. விடிய அம்மா ஓடிப்போய்க் கேட்டது என்ன விலையும் தாறன் எண்டு. தாளே வேண்டாமெண்டான். கூறைச்சேலையைக் கொண்டு போய்க் குடுத்து வாங்கி வாறதுக்குள்ள தம்பி போயிட்டான்." கோப்பையை வாயருகே கொண்டுபோய், குடிக்காமல் வைத்தீர்கள். "நான் கண்டதை அம்மாவுக்குச் சொல்லேல்ல. திரும்பிப் பாத்ததுக்கு அடிப்பா எண்டு பயம்."

மகள் அந்த ஸ்பிரிங்வேல் வீட்டில்தான் பிறந்தாள். தூக்கி வளர்த்தது நீங்கள். உங்கள் தம்பி இன்றைக்கும், "அண்டைக்குப் பொறுத்திருந்தால் கூப்பிட்டிருப்பான்" என்கிறார். இருக்கலாம் மச்சாள். கூப்பிட்டிருக்கவும் கூடும். அவருக்குப் பதில் சொல்வதை நான் எப்போதோ விட்டுவிட்டேன்.

நீங்கள் போய் இத்தனை வருடமாகிறது. இந்த நாட்டில் தாள் சாகவில்லை, சாகாது என்றுதான் படித்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். நானும் நம்புகிறேன். ஆனாலும் எந்தக் கடையிலிருந்து வெறுங்கையோடு வெளியே வந்தாலும் என் கழுத்து தானாகத் திரும்புகிறது. கடைக்காரர் கூப்பிடுகிறாரா என்று பார்ப்பதற்கில்லை. அவர் எதையாவது எடுத்து உள்ளே வைக்கிறாரா என்று பார்க்கிறேன்.