மோந்து பார்த்த மானெல் பூ

என் பிரியத்துக்கும் சண்டைக்கும் உரிய பாக்கியம் மதினிக்கு,

நமுனுகுலையில் இன்று காலையிலிருந்து மழை. தகரக் கூரையில் அது போடுகிற சத்தத்தில் அண்ணன் கூப்பிட்டால்கூடக் காதில் விழுவதில்லை. விழுந்தாலும் சில நேரம் விழாத மாதிரி இருந்துகொள்கிறேன். ஒரு வருசமாக உங்கள் புருசனை நான்தானே சமாளிக்கிறேன்!

காலையில் உங்கள் திவசம் முடிந்தது. வந்தவர்கள் சாப்பிட்டுப் போய்விட்டார்கள். பாத்திரம் எல்லாம் அப்படியே கிடக்க, உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கேட்டீர்களே ஒரு கேள்வி, அதற்குப் பதில் கிடைத்துவிட்டது.

"அந்தப் பூவுக்கு நெசமாவே வாசம் இருக்கா, லெச்சுமி?" என்றீர்கள். மூச்சு வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில் யாராவது பூவைப் பற்றிக் கேட்பார்களா? நீங்கள் கேட்டீர்கள். அதோடு நிற்காமல், "எசன்ஸ் மட்டும் ஊத்துனீங்கன்னா, பாக்கெட்லேருந்து என் பேர எடுத்துருங்க" என்றும் சொன்னீர்கள். அன்றிலிருந்து அந்தச் சொல் என் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

அந்த ஹல்துமுல்லை விடுதிக்கார அம்மா ஆரம்பித்து வைத்த வேலைதானே இது. நம் பின்னறையில் தேயிலைத் தூளோடு பெலிமல் என்கிற வில்வப்பூவும் ஆவாரம்பூவும் எலுமிச்சம்புல்லும் கலந்து கட்டிய 'பாக்கியம் தேயிலை' அவருக்குப் பிடித்துப் போனது. "மானெல் பூப் போட்டு ஒரு தேத்தண்ணி செய்ய ஏலுமா? வெளிநாட்டுக்காரங்க கேக்குறாங்க" என்றார். ஏலாது என்ற வார்த்தை உங்கள் வாயில் வருமா? குளத்தில் நீலமாகப் பூக்கிற அந்த அல்லிக்காக வீட்டையே தலைகீழாக்கினீர்கள்.

நாம் என்ன செய்தோம்? கொழுந்தைத் தூளாக்குகிற தேயிலை ஸ்டோரில் இத்தனை வருசம் சலிப்பறையில் நின்றவர்கள் செய்வதைச் செய்தோம். கொழுந்தை வாட்டுகிற மாதிரி பூவை வாட்டினோம், சூட்டில் காயவைத்தோம், தூளோடு கலந்தோம். ஊற்றினால் காய்ந்த மானாப்புல் வாடைதான் வந்தது. சூடு கூடிவிட்டது என்றீர்கள். குறைத்தோம். வாட்டம் போதவில்லை என்றேன். கூட்டினோம். ஒவ்வொரு தடவையும் அண்ணன் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "மாட்டுக்கு வைங்க" என்று எழுந்து போனார்.

நீங்கள் போன பிறகு அந்த அம்மாவிடமிருந்து திரும்பவும் போன் வந்தது. மாதிரி கேட்டார். என்ன செய்வதென்று தெரியாமல் பதுளைக்குப் போய், நாம் எப்போதும் சாமான் வாங்குகிற முஸ்லிம் நானா கடையில் நின்றேன். விசயத்தைக் கேட்டதும் அவர் எசன்ஸ் போத்தல் ஒன்றை எடுத்து வைத்து, "ரெண்டு சொட்டுப் போதும் தங்கச்சி, ஊரே மணக்கும்" என்றார்.

போத்தலைக் கையில் எடுத்துவிட்டேன், மதினி. மறைக்க மாட்டேன். உங்கள் பெயரை எடுத்துவிட்டு வேறு பெயர் போட்டால் என்ன என்றுகூட ஒரு நிமிசம் யோசித்தேன். யோசித்ததும் அழுகை வந்துவிட்டது. நானா பதறிப்போய் ஸ்டூலை இழுத்துப் போட்டார், பிளேன்டீ வரவழைத்தார். பிறகு சும்மா பேச்சுக்குத்தான் கேட்டார்: "அது சரி, பச்சைப் பூவுல என்ன வாசம் வருது?"

"காயவெச்சா புல்லு வாடைங்க" என்றேன்.

"பச்சையா மூக்குல வெச்சுப் பாக்கலையா?" என்றார். சாமிக்கு வைக்கிற பூவை யாராவது மோந்து பார்ப்பார்களா? விகாரை வாசலில் கட்டாக வாங்குவோம், வீட்டுக்கு வந்ததும் சாமித் தட்டில் வைப்போம், ஒன்றைப் படத்துக்குச் சாத்திவிட்டு மீதியை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போவோம். தூளைக் கை கையாக அள்ளி மூக்கைப் புதைத்துப் பார்க்கிற நாம் இரண்டு பேரும், அந்தப் பூவிடம் ஒரு நாளும் மூக்கைக் கொண்டுபோகவில்லை. நானாவுக்குச் சாமிக்குப் பூ வைக்கிற பழக்கம் இல்லை, அதனால் கேட்டுவிட்டார். போத்தலை அவரிடமே கொடுத்துவிட்டு எழுந்தேன்.

விகாரை வாசலில் ஒரு பூ வாங்கி, நின்ற இடத்திலேயே மோந்து பார்த்தேன். பூக்காரம்மா நான் என்னமோ திருடிய மாதிரி பார்த்தாள். வந்தது ஈரக் கடதாசி வாடை மட்டும். முந்தின நாள் பறித்து, மூடிக்கொண்ட பூ அது. இதழ்களைக் கையால் விரித்து வைத்திருந்தாள். அப்படியானால் குளத்தில் இருக்கும்போது எப்படி இருக்கும்?

மறுநாள் முதல் பஸ்ஸில் மலை இறங்கி, குளங்கள் இருக்கிற மகியங்கனைப் பக்கம் போய்விட்டேன். அண்ணன் திட்டினார். "பூவ மோக்க பஸ் ஏறிப் போறவள இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றார். நீங்கள் இருந்திருந்தால் எனக்கு முன்னால் பஸ்ஸில் ஏறி, ஜன்னல் சீட்டைப் பிடித்திருப்பீர்கள்.

வெயில் ஏறுகிற நேரத்தில் குளத்தைப் பார்த்தேன். எல்லாம் விரிந்து கிடந்தது. இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒரு சிங்கள அக்கா பறித்துக்கொண்டிருந்தாள், முகத்தை ஒரு பக்கம் திருப்பியபடி. ஏன் என்று கேட்டேன். "புத்தருக்குப் போற பூ. மூச்சுப் படக் கூடாதுதானே" என்றாள், அரைகுறைத் தமிழில். வாசம் எப்படி என்றால் அவளுக்கும் தெரியவில்லை. குளத்திலேயே வாழ்கிறவளுக்குத் தெரியவில்லை! விசயத்தைச் சொன்னதும் சிரித்தாள். ஒரு பூவைப் பறித்து நீட்டி, "இது ஒங்களுக்கு. சாமிக்கு இல்ல" என்றாள்.

இருக்கிறது, மதினி. வாசம் இருக்கிறது. மல்லிகை மாதிரி முன்னால் வந்து நிற்பதில்லை. அடுத்த அறையில் கொய்யா பழுத்துக் கிடக்கிற மாதிரி, லேசாக, இனிப்பாக. குனிந்தால்தான் தெரியும். அவளும் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றவள், கடைசியில் தானும் ஒன்றை மோந்து பார்த்துவிட்டு வெட்கப்பட்டாள்.

மத்தியானம் ஆனதும் பூக்கள் தானாகவே மூடிக்கொள்ளும் என்று அவள்தான் சொன்னாள். அப்போதுதான் எனக்கு ஸ்டோர் ஞாபகம் வந்தது. தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு உள்ளே போனால் எப்படி விரட்டுவார்கள்! பக்கத்தில் எந்த வாடை இருந்தாலும் தேயிலை இழுத்துக்கொள்ளும் என்றுதானே? பூவைத் தேயிலைக்குள் போட்டே பார்த்தோமே, தேயிலையைப் பூவுக்குள் போட்டால் என்ன?

பையில் எதுவும் கலக்காத தேயிலைத் தூள் பாக்கெட் ஒன்று இருந்தது. அந்த அக்கா பறித்துத் தந்த விரிந்த பூக்களுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் தூளைப் போட்டு, வாழை நாரால் மெதுவாகக் கட்டினேன். வீட்டுக்கு வந்து, மூடி போட்ட சட்டியில் ராத்திரி முழுக்க வைத்தேன். காலையில் தூளை உதறி, அடுப்போரம் ஈரம் போக வைத்து, ஊற்றி அண்ணனிடம் கொடுத்தேன்.

மாட்டுக்கு வை என்று சொல்லவில்லை. ஒரு மடக்குக் குடித்தார், இன்னொரு மடக்குக் குடித்தார். "அவ குடிச்சிருக்கணும்" என்றார். கோப்பையோடு வெளியே போய் நின்றுகொண்டார். நானும் அழுதேன்.

மாதிரியை ஹல்துமுல்லைக்கு அனுப்பினேன். "வாசம் ரொம்ப லேசாத்தானே இருக்கு" என்றார் அந்த அம்மா. "லேசாத்தாங்க இருக்கும், அந்தப் பூவு அப்படி" என்றேன். கொஞ்சமாக எடுத்துப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். அந்த வாசம் பாக்கெட்டில் எத்தனை நாள் நிற்கும் என்று இன்னும் தெரியவில்லை. அந்தப் பூ ஏன் மத்தியானத்தோடு வாசத்தை மூடி வைத்துக்கொள்கிறது? காலையில் மட்டும் யாருக்காக மணக்கிறது? உங்களுக்கு அங்கே யாரையாவது கேட்க முடிந்தால் கேட்டு வையுங்கள்.

இன்று திவசத்துக்குக் குளத்து அக்கா பஸ்ஸில் பூ கொடுத்தனுப்பியிருந்தாள். உங்கள் படத்துக்கு வைக்க ஒன்றை எடுத்தேன். என்னை அறியாமல் மூக்குக்குப் போய்விட்டது. சொந்தக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "மோந்த பூவ வைக்கக் கூடாது, வேற எடு" என்று யாரோ சொன்னார்கள். அண்ணன் எழுந்து வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் அந்தப் பூவை என் கையிலிருந்து வாங்கி, கண்ணை மூடி ஒரு தடவை மோந்து பார்த்தார். "இருக்குடி பாக்கியம்" என்று சொல்லி, அதையே உங்கள் முன்னால் வைத்தார்.

பாக்கெட்டில் உங்கள் பெயர் அப்படியே இருக்கும், மதினி. வாசம் இல்லாத நாளில் பாக்கெட் போகாது. போத்தல் இந்த வீட்டுக்குள் வராது. இனி உங்களுக்கு வைக்கிற பூ ஒவ்வொன்றையும் மோந்து பார்த்துவிட்டுத்தான் வைப்பேன்.

கழுவாத பாத்திரங்களுக்கு நடுவிலிருந்து,
உங்கள் நாத்தனார்
லெச்சுமி