வண்டி கிளம்பாத வியாழக்கிழமை

பிப்ரவரி 6, செவ்வாய்

எங்கள் ஊர்த் தன்னார்வத் தீயணைப்புப் படையின் பயிற்சி முடிந்ததும் காப்டன் கிளைவ் அறிவித்தார். புதிய துணை காப்டன் நெரிடா. என்னைவிடப் பத்து வயது இளையவள், பள்ளிக்கூடக் கேன்டீனில் வேலை. தீயணைப்பில் சேர்ந்து ஆறு வருடம். நான் சேர்ந்து பதினேழு வருடம். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

பிப்ரவரி 8, வியாழன்

என்னிடம் என்ன குறை? தீ என்று பேஜர் அடித்தால் பாதி வெட்டிய ஆட்டுத் தொடையை அப்படியே போட்டுவிட்டு ஓடுகிறவன். கறி வாங்க வந்தவர்களே என் கடையைச் சாத்திவிட்டுப் போயிருக்கிறார்கள்.

பிப்ரவரி 12, திங்கள்

பள்ளிக்கூடத்தில் மறுபடியும் வெற்று அலாரம். யாரோ ரொட்டியைக் கருக்கிவிட்டார்கள். வண்டி நான் ஓட்டினேன். பக்கத்து சீட்டில் நெரிடா. "மெர்வ், இங்க லெஃப்ட்ல திரும்புங்க" என்றாள். நான் பிறந்த ஊரில் எனக்கே வழி சொல்கிறாள்.

பிப்ரவரி 15, வியாழன்

எழுத முடியவில்லை.

பிப்ரவரி 16, வெள்ளி

எழுதியாக வேண்டும்.

நேற்று மதியம் இரண்டு பத்துக்குப் பேஜர் அடித்தது. கடையின் பின்பக்கம் சாசேஜ் போட்டுக்கொண்டிருந்தேன். தீயணைப்பு வண்டியை ஓட்டத் தேவையான லாரி லைசன்ஸ் எங்களில் மூன்று பேருக்குத்தான். கிளைவ் பகலில் வெளியூரில். ஸ்டான் குடலிறக்க ஆபரேஷனுக்கு நகரத்துக்குப் போயிருந்தான். அதாவது நான் போகாவிட்டால் வண்டி நகராது. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் –

திரும்பவும் பள்ளிக்கூட ரொட்டியாக இருக்கும் என்று நினைத்தேன். துணை காப்டன் இருக்கிறாளே, பார்த்துக்கொள்ளட்டும் என்றும் நினைத்தேன். இரண்டாவதுதான் உண்மை. பேஜரை அணைத்து டிராயரில் போட்டேன். நிலையத்துக் கூரையில் சங்கு ஊதியது. நின்றது. மறுபடி ஊதியது. நான் கை கழுவிக்கொண்டிருந்தேன், விரல் இடுக்கெல்லாம், நிதானமாக.

நெரிடாவும் இன்னும் இரண்டு பேரும் உடுப்பை மாட்டிக்கொண்டு வண்டிக்கு முன்னால் நின்றிருக்கிறார்கள். பக்கத்து ஊர் வண்டி வந்து சேர இருபத்தாறு நிமிடம்.

எரிந்தது ஆல்பி ஃபென்விக்கின் வீடு. யாரும் வராததால் நாயைக் காப்பாற்ற அவரே உள்ளே போயிருக்கிறார். நாய் பிழைத்தது. அவருடைய இரண்டு கையும் வெந்துவிட்டன. ஆட்டு ரோமத்தைத் தொட்டுப் பார்த்தே தரம் சொல்கிற கை, அதுதான் அவர் பிழைப்பு.

சாயங்காலம் கிளைவ் வந்து, "எங்கப்பா போன?" என்றார்.

"குளிர் ரூம்ல இருந்தேன். கம்ப்ரஸர் சத்தம். ஒண்ணுமே கேக்கல."

"சரி விடு" என்று தோளைத் தட்டிக்கொடுத்தார். அறைந்திருக்கலாம்.

பிப்ரவரி 19, திங்கள்

நெரிடா இன்னொரு பேஜரோடு கடைக்கு வந்தாள். குளிர் அறைக்குள் தொங்கும் ஆடுகளுக்கு நடுவில், மெல்லிய சட்டையில் நடுங்கிக்கொண்டு நின்றாள். உள்ளே கேட்கிறதா என்று பார்க்க, என்னை வெளியிலிருந்து அந்தப் பேஜரைக் கூப்பிடச் சொன்னாள். கணீரென்று அடித்தது.

"அன்னைக்கு மட்டும் ஏதோ கோளாறு போல. நான்தான் முன்னாடியே வந்து பாத்திருக்கணும். ரிப்போர்ட்ல அப்படித்தான் எழுதியிருக்கேன், என் தப்புன்னு."

வாயைத் திறந்தேனா? ஒரு கிலோ சாசேஜைக் கட்டிக் கொடுத்தேன். வேண்டாம் என்றாள். வற்புறுத்திக் கையில் திணித்தேன். சீ.

பிப்ரவரி 20, செவ்வாய்

ரிப்போர்ட்டை அவளே எல்லார் முன்னாலும் வாசித்தாள். நான் என் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 27, செவ்வாய்

சொல்லிவிட்டேன். பயிற்சி தொடங்கும் முன், ஏழு பேர் முன்னால்.

"பேஜர் அடிச்சுது. கேட்டுது. நான்தான் வரல."

"ஏன்?" என்றார் கிளைவ்.

"நெரிடாவத் துணை காப்டன் ஆக்குனீங்கல்ல. அதான்."

வாய்விட்டுச் சொன்னபோது எவ்வளவு அற்பமாக இருந்தது. இதற்காகவா? கிளைவ் மேஜையைக் காட்டினார்.

"பேஜர மேஜ மேல வச்சுட்டுப் போ, மெர்வ்."

வாசல்வரை நெரிடா வந்தாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எனக்கு வேண்டாம்னே சொல்லியிருப்பேனே."

அது உண்மை என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

மார்ச் 3, சனி

ஆல்பி தங்கியிருக்கும் அவர் தங்கை வீட்டுக்குப் போனேன். இரண்டு கையிலும் கட்டு. தங்கை ஸ்பூனால் சூப் ஊட்டிக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்பூன் பாதி வழியில் நின்றுவிட்டது.

"சரி. போயிட்டு வா" என்றார் ஆல்பி. தங்கை எனக்குப் பின்னால் கதவைச் சாத்தினாள்.

மார்ச் 14, புதன்

சங்கு ஊதியது. கால் தானாகக் கடை வாசல்வரை ஓடி நின்றது. ஸ்டான் ஓட்டிக்கொண்டு போனான். உள்ளே வந்து மீதிக் கறியை வெட்டினேன்.

ஏப்ரல் 3, செவ்வாய்

மதியம் ஆல்பி கடைக்கு வந்தார். கட்டு பிரித்துவிட்டார்கள். விரல்கள் முழுதாக மடங்கவில்லை. வரிசையில் நின்றவர்கள் அவருக்கு வழிவிட்டார்கள். அவர் எதுவும் வாங்கவில்லை.

"வியாழக்கெழம நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போகணும், விரலுக்குப் பயிற்சியாம். எனக்கு ஸ்டியரிங் பிடிக்க முடியாது. உனக்கு லைசன்ஸ் இருக்கு. இப்ப நேரமும் இருக்கு."

"எத்தன மணிக்கு வரணும்?"

"எட்டு. லேட் பண்ணாத."

ஏப்ரல் 5, வியாழன்

ஏழரைக்கே போய்விட்டேன். காரில் ஏறியவருக்கு சீட் பெல்ட்டை மாட்ட வரவில்லை. இரண்டு முறை முயன்றார். நான் குனிந்து மாட்டிவிட்டேன். போகவர நான்கு மணி நேரம், ஆட்டு விலையைப் பற்றி மட்டும் பேசினோம். இறங்கும்போது, அடுத்த வாரம் எட்டரைக்கு வந்தால் போதும் என்றார்.