பலா மரத்தைச் சுற்றி வா

அன்பு மகன் ரகுநாத்துக்கு ஆத்தா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் இருக்கிறோம், அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. நீயும் மருமகளும் என் பேத்தி சிவரஞ்சனியும் அந்த வெயிலில் வாடாமல் இருக்க நார்த்தாமலை மாரியம்மனைக் கும்பிட்டுக்கொள்கிறேன். போன் இருக்க எதற்குக் கடிதம் என்று கேட்பாய். வீட்டுக்குள் பேசினால் உன் அப்பாவுக்குக் கேட்கிறது, ஒரு பக்கம் கை கால் விழுந்ததே தவிர அவர் காது முன்னைவிடக் கூர்மையாகிவிட்டது. வாசலுக்கு வந்தால் போராட்டப் பந்தலில் ஊரே உட்கார்ந்திருக்கிறது. வாய் திறக்க எனக்கு இடமில்லை. ஓமனில் எண்ணெய்க் கிணற்றில் உன்னோடு வேலை பார்க்கிற ஆவூர் ஜோசப் லீவு முடிந்து திரும்புகிறாராம், நம்மைப் பார்க்க வந்தார், நாளைக்கு வந்து இந்தக் கடிதத்தை வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

நம் கொல்லைக்குப் பின்னால் மூடி வைத்த எண்ணெய்க் கிணற்றைத் திரும்பத் திறக்கக் கம்பெனிக்காரன் வந்துவிட்டான். நீ பள்ளிக்கூடம் போன காலத்தில் மேலாக இருக்கிற மண்ணில்தான் தேடினார்களாம், கிடைக்கவில்லை என்று சிமெண்டை ஊற்றி அடைத்துவிட்டுப் போனார்களாம், இப்போது அதே குழியில் இறங்கி, அந்தச் சிமெண்டை உடைத்து, இன்னும் ஆழத்தில் இருக்கிற சுண்ணாம்புப் பாறையைச் சோதிக்கணுமாம். வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பு மாதிரி வெளுத்த கல்லாம், அதற்குள் எண்ணெய் ஊறிக் கிடக்குமாம், ஆசிட்டை உள்ளே விட்டால் வழி விடுமாம். ஜோசப்தான் புரியும்படி சொன்னார். நீயும் போனில் சொன்னாய், "பழைய கிணறுதானே ஆத்தா, புதுசா ஒண்ணும் தோண்டலையே" என்று. பழைய கிணறு என்பதால்தானடா எனக்குப் பயம். அன்றைக்கு அவர்கள் கழிவைக் கொட்ட வெட்டிப்போட்ட சேற்றுக் குட்டையில் நம் பசு வெள்ளச்சி தண்ணீர் குடித்துவிட்டு வாயில் நுரை தள்ளிச் செத்தது உனக்கு மறந்திருக்கலாம், ஒன்பதாம் வகுப்புப் பரீட்சைக்கு அழுதுகொண்டே போனாய். எனக்கு மறக்கவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் உன் அப்பாவின் மனதைக் கரைத்து லாரிக்கு வழி விட்டவன் உன் சித்தப்பன் சோலையப்பன் என்பதும் மறக்கவில்லை. லாரிக்கு முன்னால் நான் ஒற்றை ஆளாய்ப் படுத்துக் கிடந்தபோது "அண்ணிக்குப் பேய் புடிச்சிருக்கு, தூக்கி ஓரமாப் போடுங்க" என்று சொன்னவன் அவன். அன்றோடு அவனிடம் பேச்சை நிறுத்தினேன். இன்றைக்குப் பந்தலில் மைக்கைப் பிடித்து மண்ணைக் காப்போம் என்று கத்துகிறவனும் அவனேதான். நான் கீழே பாயில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கம்பெனி போன கையோடு லாரி வந்த தடத்தின் நட்டநடுவில் நான் ஒரு பலாக்கன்று வைத்தேனே, இனி ஒரு சக்கரம் உள்ளே வரக்கூடாது என்று, அது இப்போது ரெண்டு பேர் கைகோர்த்தால்தான் கட்டிப்பிடிக்க முடியும். அதன் நிழலில்தான் பந்தல் போட்டிருக்கிறார்கள். ஆனால் போன ஐப்பசியில் உன் அப்பா விழுந்தபோது 108 வண்டியும் உள்ளே வர முடியாமல் ரோட்டிலேயே நின்றது. கயிற்றுக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தலைமாட்டுக் காலைப் பிடித்து ஓடியவன் சோலையப்பன். அதையும் நான் மறக்கவில்லை. இப்போது ஆஸ்பத்திரிக்குப் போகிற ஒவ்வொரு தடவையும் கட்டில்தான், ஒவ்வொரு தடவையும் நாலு பேரைக் கூப்பிடணும். மரத்தை வெட்டினால் வீட்டு வாசல்வரை தார் ரோடு போட்டுத் தருகிறோம் என்கிறான் கம்பெனிக்காரன். மரம் நிற்கிற நம் நிலத்தின் பட்டா இப்போது என் பேரில் இருப்பதால் நான் சரியென்று சொன்னால் போதுமாம். ஊர்க்கூட்டத்தில் கட்டுப்பாடு போட்டுவிட்டார்கள், வழி விடுகிற வீட்டு நல்லது கெட்டதுக்கு யாரும் வரக்கூடாது என்று. ரோடு வந்தால் கட்டில் தூக்க ஆள் வேண்டாம், சரி. கடைசியாகத் தூக்க நாலு தோள் வேண்டுமே, அதைக் கம்பெனியா தரும்?

இப்படி இருக்கையில் போன செவ்வாய்க்கிழமை கம்பெனி ஆபீசர் பந்தலுக்கே வந்து எல்லார் முன்னாலும் என்னிடம் சொல்கிறார், "உங்க மகனே சம்மதம்னு சொல்லிட்டாரும்மா, இந்தக் கிணத்துல துளை போடுற ரிக்கு மெஷின்ல அவரே வேலைக்கு வரப்போறார்" என்று. என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வேன் சொல். சோலையப்பன் பெண்டாட்டி, உன் சித்தி கலைமதி இருக்கிறாளே, "அக்காவுக்கென்ன, மரம் சாஞ்சா மகன் வந்து நிப்பான், நம்ம புள்ளைகதான் நல்ல தண்ணிக்குக் குடத்தைத் தூக்கிக்கிட்டு அங்கிட்டும் இங்கிட்டும் அலையணும்" என்றாள். பக்கத்தில் இருந்தவள் பாயை நகர்த்திப் போட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வந்தால் உன் அப்பா குழறிக் குழறி "வெட்டிரு கண்ணாத்தா, அவன் வரட்டும்" என்கிறார். உன்னைப் பார்க்காமல் போய்விடுவோமோ என்ற பயம் அவருக்கு. எனக்கு மட்டும் உன்னைப் பார்க்க ஆசையில்லையா? பந்தலுக்குப் போனால் துரோகி, வீட்டுக்கு வந்தால் கல்நெஞ்சுக்காரி. இந்த ரெண்டுக்கும் நடுவில் மாடு மாதிரி சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

மரத்தை ஒட்டி மேற்கே இருப்பது சோலையப்பன் வேலி. அதைக் கொஞ்சம் பிரித்தால் ஆம்புலன்ஸ் வந்து போகும், கம்பெனியின் பெரிய லாரி நுழையாது. "அண்ணி வாயத் தொறந்து ஒரு வார்த்தை கேட்டா இன்னைக்கே பிரிச்சுத் தாரேன்" என்று கலைமதியிடம் சொல்லிவிட்டிருக்கிறான். நான் கேட்பேனா? என் கட்டை வேகிறவரை கேட்க மாட்டேன். ஆனால் நீ கேட்கலாம். அவன் தோளில் உட்கார்ந்து கோட்டைப்பட்டினத்தில் கடல் பார்த்தவன் நீ. கம்பெனிக்கு நீ சொன்ன சம்மதத்தை முதலில் திரும்ப வாங்கு, பிறகு சித்தப்பனுக்குப் போன் போட்டு, அப்பாவுக்காக வேலியைப் பிரித்துவிடச் சொல்லிக் கேள். நான் சொல்லித்தான் கேட்கிறாய் என்று மட்டும் சொல்லிவிடாதே. மரத்தை நான் வெட்ட மாட்டேன். நீ ரிக்கோடு வந்தாயானால் மரத்தடியில் முதல் ஆளாய் நான்தான் படுத்திருப்பேன், அன்றைக்காவது யாரோ தூக்கி ஓரமாய்ப் போட்டார்கள், இந்தத் தடவை நீதான் இறங்கி வந்து தூக்க வேண்டியிருக்கும்.

வெயிலில் தலைக்குத் துணி கட்டாமல் நிற்காதே. சிவரஞ்சனிக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடு, அவளாவது எனக்குப் பதில் எழுதட்டும். மாரியம்மன் உங்கள் மூன்று பேரையும் கண்போலக் காப்பாள். அப்பாவைப் பார்க்க வருவதென்றால் லீவு போட்டு, ஆலங்குடியில் பஸ் இறங்கி நடந்து வா. மரத்தைச் சுற்றித்தான் வரணும். நாங்கள் எல்லாரும் அப்படித்தான் வருகிறோம்.

இப்படிக்கு,
உன்னை எதிர்பார்த்தே கண் பூத்துப்போன ஆத்தா,
அ. கண்ணாத்தாள்